ஒன்பதாம் அத்தியாயம்: பருவக் கடைசியில் கூடைப்பந்து அணி குலையாதிருக்க

பெங்களூரில் ஜயநகரிலோ மல்லேசுவரத்திலோ அல்சூரிலோ ஒரு சங்கத்துக்காக அணி திரட்டி, முதல் ஆறேழு ஆட்டங்களை வரிசையாக வென்று, இவ்வாண்டுக் கோப்பை இவர்களுக்குத்தான் என்று எதிரணிக்காரரே ஒப்புக்கொள்ளும் நிலைக்கு அதைக் கொண்டுவந்த பிறகு, பருவத்தின் கடைசி மூன்று வாரங்களில் அதே பன்னிரண்டு பேர் முன்பின் அறியாதவர்களைப்போல் ஆடித் தோற்பதைக் காண நேரும் காப்டனின் மனத்தில் உடனே எழும் கேள்வி, "யாரால் இப்படி ஆயிற்று?" என்பதாகும். அது சகஜமான கேள்வியே. ஆனால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எப்போது தொடங்கிற்று என்று விசாரித்தால்தான் வழி பிறக்கும். அணிகளின் கதைகளை ஊன்றிக் கவனித்தவர்களுக்குத் தெரியும், இத்தகைய சரிவு பெரும்பாலும் முதல் தோல்வியன்று தொடங்குவதில்லை. வெற்றிகள் குவிந்துகொண்டிருந்த வாரங்களிலேயே, கால்களின் அயர்ச்சியாகவும் பந்தின்மேல் உண்டான போட்டியாகவும் உள்ளே புகுந்து, வெற்றியின் ஆரவாரத்தால் மறைக்கப்பட்டு, தக்க சமயத்தில் வெளிப்படுகிறது.

தெரிந்த இரண்டு சரிவுகள்

நம் ஊரின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் அணியையே எடுத்துக்கொள்ளலாம். 2020ஆம் ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல். போட்டியில் ராயல் சாலஞ்சர்ஸ் பெங்களூர் முதல் பத்து ஆட்டங்களில் ஏழை வென்றது. அதன்பின் லீக்கின் கடைசி நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாகத் தோற்று, ரன் விகிதத்தின் தயவால் நான்காம் இடத்தில் ஒட்டிக்கொண்டு, அபுதாபியில் எலிமினேட்டரிலும் ஹைதராபாத்திடம் தோற்று வெளியேறியது. அவ்வாண்டு தேவ்தத் படிக்கல் 473, விராட் கோலி 466, டிவில்லியர்ஸ் 454 ரன் எடுத்தனர். அவர்களுக்கு அடுத்த ஃபிஞ்ச்சின் கணக்கு 268. மூவர் தோளில் ஏற்றிய பாரம் பத்து ஆட்டம்வரையில் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

கூடைப்பந்தில் இதற்குப் பிரசித்தமான உதாரணம் 2013-14 பருவத்து இண்டியானா பேசர்ஸ். என்.பி.ஏ.யில் முதல் 40 ஆட்டங்களில் 33 வெற்றி; மீதி 42 ஆட்டங்களில் 23 மட்டுமே. பால் ஜார்ஜ், ஸ்டீபன்சன், ஜார்ஜ் ஹில், டேவிட் வெஸ்ட், ஹிப்பர்ட் என்ற ஐவரும் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் இறங்கினர். பருவத்தின் நடுவே, பிப்ரவரியில், நெடுநாள் அணியிலிருந்த டானி கிரேஞ்சரைக் கொடுத்து எவன் டர்னரை வாங்கினார்கள். மார்ச்சில் ஹிப்பர்ட், அணியில் சிலர் சுயநலக்காரர்கள் என்று நிருபர்களிடமே சொல்லிவிட்டார். ஏப்ரலில் பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல் மில்வாக்கியில் முதல் ஐவரையும் ஒரே ஆட்டத்தில் உட்காரவைத்தார், அணி வென்றது. ஆனால் அந்த ஓய்வு ஜனவரியில் வந்திருக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம். கிழக்குப் பிரிவில் முதலிடத்தைத் தக்கவைத்துக்கொண்டும், மயாமி அணியைத் தாண்ட அவர்களால் முடியவில்லை.

இவ்விரண்டிலிருந்தும் நமக்கு வேண்டியது, ஜயித்துக்கொண்டிருக்கும்போதே அளந்து பார்க்கும் பழக்கம்.

முதற்காரியம்: ஒரு நோட்டுப் புத்தகம்

பருவம் தொடங்கிய முதல் நாளிலிருந்து எழுதுங்கள். கைப்பேசியில் எழுதினாலும் குற்றமில்லை. ஆனால் எழுதுபவர் ஒருவராகவே இருக்கட்டும்.

1. பயிற்சி முடிந்து அரைமணிக்குள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, "இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது? ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்" என்று கேளுங்கள். ஒன்று என்றால் உலாப் போனதுபோல. பத்து என்றால் இனி ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

2. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் 540. அதுவே அவருடைய அன்றைய பாரம். ஆட்டநாளுக்கும் இதே கணக்குத்தான்.

3. ஞாயிறன்று ஒவ்வொருவரின் வாரக் கூட்டுத்தொகையையும் முந்தைய மூன்று நான்கு வாரங்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரேயடியாக ஒன்றரை மடங்கு ஏறியிருந்தால், அவர் எவ்வளவு நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும், அடுத்த வாரம் அவருக்குப் பயிற்சியைக் குறைத்தாக வேண்டும்.

4. தூங்கிய மணி, வலிக்கும் இடம் இவ்விரண்டையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

எண்ணாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லண்ணா, ஆடிடலாம்" என்ற பதில் தவிர வேறெதுவும் எந்த இளைஞனிடமிருந்தும் வராது. எண் கேட்டால், போன வாரம் அதே பயிற்சிக்கு ஐந்து சொன்னவன் இந்த வாரம் எட்டுச் சொல்லும்போது, அவன் சொல்ல விரும்பாததும் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இவ்வூரில் இன்னொரு பத்தியும் சேர்க்க வேண்டியிருக்கிறது: பிரயாண நேரம். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்த்துவிட்டு, சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணிநேரம் மடங்கி உட்கார்ந்து, ஏழரை மணிக்கு மைதானத்தில் வந்து குதிக்கிறவனும், எதிர்த் தெருவிலிருந்து நடந்து வருகிறவனும் ஒரே பயிற்சியைச் செய்தாலும் ஒரே பாரத்தைச் சுமக்கவில்லை. தாமதமாக வந்தவனை உடற்பதம் பண்ணிக்கொள்ளாமல் நேரே ஆட்டத்தில் இறக்குவது காப்டன்கள் வெகு சாதாரணமாகச் செய்யும் பிழை. பத்து நிமிடம் போனாலும் பாதகமில்லை. இடுப்பும் பின்தொடையும் இளகிய பின்பே அவன் ஓடட்டும்.

நிமிடங்களைப் பங்கிடுதல்

சர்வதேச விதிப்படி ஆட்டம் நான்கு பத்து நிமிடங்கள், களத்தில் ஐவர், ஆக மொத்தம் 200 ஆட்டக்காரர்-நிமிடங்கள். முதல் ஐவருக்குத் தலைக்கு 30 நிமிடம் கொடுத்தால் 150 போயிற்று. மீதி 50 நிமிடங்கள் பெஞ்சில் இருப்பவர்களுக்கு உரியவை. இதை ஒரு தர்மமாக அல்ல, மூலதனமாகக் கருதுங்கள். பருவத்தின் முற்பாதியில் எளிய எதிரிகளோடு ஆடும்போது எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்காத அணியில், அரையிறுதியன்று முதல் ஐவரில் ஒருவர் ஐந்தாவது ஃபவுலுடன் வெளியேறும்போது உள்ளே வருகிறவன் கைநடுக்கத்தோடுதான் வருவான். அதற்கு அவன்மேல் கோபித்துப் பயனில்லை.

செய்யவேண்டிய முறை:

1. இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் முதல் ஐவரில் மூவரை ஒருசேர வெளியே எடுங்கள். ஐவரையும் ஒருங்கே எடுக்காதீர்கள். பந்தைக் கொண்டுசெல்லத் தெரிந்த ஒருவர் களத்தில் இருக்க வேண்டும்.

2. இருபது புள்ளி முன்னணி வந்தபின் முதல் ஐவரை மறுபடி இறக்கும் ஆசையை அடக்குங்கள். வித்தியாசம் பன்னிரண்டாகக் குறைந்தாலும் பெஞ்சுக்காரர்களே சமாளிக்கட்டும். கடைசி மாதத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்தச் சமாளிப்புத்தான்.

3. மாணவர்கள் உள்ள அணியாயின், பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரின் பரீட்சைத் தேதியையும் கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். பி.யூ. பரீட்சையும் செமஸ்டரும் மார்ச் மாதத்து ஆபீஸ் கணக்கு முடிப்பும் கூடிவரும் வாரத்தில் ஆறு பேரோடு பயிற்சி செய்ய நேர்வது திடீர் விபத்தல்ல. காலண்டரில் முன்னமே அச்சடிக்கப்பட்டிருந்த விஷயம்.

எதிரணி உங்களைப் படித்துவிட்டது

பருவத்தின் முதல் மாதத்தில் நீங்கள் யாரென்று எதிரணிக்குத் தெரியாது. பத்தாவது ஆட்டத்தில் உங்கள் பாயிண்ட் கார்டு இடப்பக்கம் போகமாட்டார் என்பதும், உங்கள் உயரமான ஆள் பந்தை வாங்கியவுடன் ஒரு முறை தட்டிவிட்டுத்தான் திரும்புவார் என்பதும் ஊரறிந்த சங்கதியாகிவிடும். பெவிலியனில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் எடுக்காத சங்கம் இப்போது எது? ஆகவே, அணி மோசமாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி, அணி மாறவேயில்லை என்பதுதான்.

இதற்குப் பரிகாரமாகப் புதிதாகப் பத்து ஆட்ட உத்திகளைக் கற்பிக்கப் புகுவது பெருந்தவறு. களைத்த மூளை புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளாது. ஏற்கெனவே உள்ள உத்திகளில் மிகவும் பழகிய இரண்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று முடிவை மட்டும் சேர்த்தால் போதும். ஸ்க்ரீன் வைத்தபின் வழக்கமாக வலப்பக்கம் ஓடுகிறவர், எதிரி அங்கே காத்திருப்பதைக் கண்டால் பின்வழியாகக் கூடைக்கு வெட்டி ஓடுவது, அவ்வளவே. இவ்விரண்டையும் வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், முதலில் நடந்தபடியும் பின்னர் ஓடியும் பழகுங்கள். ஜோன் டிஃபன்ஸுக்கு எதிராக ஒரு முறையாவது ஆடத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் எல்லோரும் உங்களுக்கு அதைத்தான் போடுவார்கள்.

களைத்த காலோடு ஃப்ரீ த்ரோ

2017 ஜூலையில் நமது ஸ்ரீ கண்டீரவா உள்விளையாட்டரங்கில் மகளிர் ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டு புள்ளி என்பது இரண்டு ஃப்ரீ த்ரோ. அணிகள் பெரும்பாலும் பயிற்சியின் தொடக்கத்தில், வியர்வை வருமுன், வரிசையாக நின்று இருபது முப்பது எறிந்துவிட்டுத் திருப்தியடைகின்றன; ஆட்டத்திலோ, எதிரணியின் ஃபவுல் கணக்கு ஐந்தாகி உங்களுக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும் வேளையில் தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்.

1. பயிற்சியின் கடைசியில், கோட்டுக்குக் கோடு இரண்டு முறை விரைந்தோடச் செய்யுங்கள்.
2. உடனே இரண்டே எறிதல். அதற்குமேல் வேண்டாம், ஆட்டத்தில் கிடைப்பது இரண்டுதான்.
3. மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. இவ்வாறு பத்து எறிதல் வரும்வரை.
4. பத்தில் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். எட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்துக்கு இறங்கினால், அவருடைய கையைத் திருத்த முயலாதீர்கள். பந்து கூடையின் முன்விளிம்பில் தட்டி விழுகிறதா என்று பாருங்கள். அப்படியாயின் குறைந்தது கால் பலமே; அவருக்கு வேண்டியது ஓய்வு.

பந்தின்மேல் உண்டாகும் மனக்கசப்பு

இதைப் பற்றிப் பேசக் காப்டன்கள் கூச்சப்படுகிறார்கள். உபதேசமாக முடிந்துவிடும் என்ற பயமே காரணம். உபதேசம் வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்தால் போதும். ஒவ்வோர் ஆட்டத்திலும் விழுந்த கூடைகளில் எத்தனை, தோழர் ஒருவர் பாஸ் கொடுத்து விழுந்தவை என்று குறித்து வாருங்கள். பருவத் தொடக்கத்தில் முப்பதில் பதினெட்டாக இருந்தது வெற்றிகளுக்கு நடுவிலேயே பன்னிரண்டாகவும் பத்தாகவும் தேய்ந்துவருமானால், அணியில் ஒவ்வொருவரும் தனித்தனியே நாயகராக விரும்பத் தொடங்கிவிட்டார் என்று கொள்ளலாம். அவ்வட்டவணையை ஒருவரையும் பெயர் சொல்லாமல் எல்லோர் முன்னும் வாசித்துவிட்டு, அடுத்த பயிற்சியில் தரையில் பந்து தட்டாமல் பாஸ் மட்டுமே கொடுத்து ஆடும் பத்து நிமிட ஆட்டம் ஒன்றை வையுங்கள். நான்கு வார்த்தை சொல்வதைவிட அது பலன் தரும்.

புதிதாக ஓர் ஆள் கிடைக்கிறார், வங்கி அணியில் ஆடியவர், கடைசி மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாமா என்ற சபலம் வரும். அவர் எவ்வளவு வல்லவராயினும், யாருடைய நிமிடங்களை அவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதை, நிமிடத்தை இழப்பவரிடம் முதலில் நேரில் சொல்லிவிட்டே சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பட்டியலை வாட்ஸ்ஆப்பில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடுவது அணியைக் குலைக்கும் உத்தமமான வழி.

கடைசி மூன்று வாரங்களின் கிரமம்

*மூன்றில் முதல் வாரம்:* பயிற்சி வழக்கம்போல. புதிய உத்தி எதையும் இதற்குப்பின் சேர்க்கக்கூடாது.

*கடைசி இரண்டு வாரம்:* பயிற்சி நேரத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறையுங்கள். ஆனால் வேகத்தைக் குறைக்காதீர்கள். 90 நிமிடம் ஆடியவர்கள் 45-50 நிமிடம் ஆடட்டும், ஆட்ட வேகத்திலேயே. நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வதும், தோல்வி பயத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்குவதும் ஒரேவிதமான அனர்த்தம்.

*வெளியூர்ப் பிரயாணம்:* கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மாலையில் காற்றாடும் இவ்வூரில் பழகிய உடல், சென்னையின் புழுக்கத்திலோ, மே மாதத்தில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியின் வெக்கையிலோ முதல் பாதியிலேயே வற்றிப்போகும். வெயிலுக்கு உடல் இசைய ஒருவாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். ஒருநாள் முன்னதாகப் போய் இறங்குவதால் அது நடந்துவிடாது. ஆகவே அங்கே ஒருவரைத் தொடர்ந்து ஐந்து நிமிடத்துக்குமேல் களத்தில் வைக்காமல் மாற்றிக்கொண்டே இருங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை நீரைக் கையோடு கொண்டுபோங்கள். இரவுப் பஸ்ஸில் கால் நீட்டாமல் வந்து மறுநாள் காலையிலேயே ஆட இறங்குவது, இயன்றவரை தவிர்க்கத்தக்கது.

உடற்பாதுகாப்பு: இதில் சமாதானம் இல்லை

நம் சங்கங்களின் மைதானங்களில் பல சிமெண்டுத் தரைகள். முழங்காலின் கீழ்த் தசைநாணில் பருவம் முழுவதும் சேர்ந்த வலி அங்கேதான் விளைகிறது. குதித்தல் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் வைக்க வேண்டாம். அடி தேய்ந்து வழவழப்பான ஷூவோடு எவரையும் இறக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதத்து மாங்காய் மழை பெய்து ஓய்ந்தவுடன் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்குவது நம்மவர் வழக்கம். தரை கண்ணுக்கு உலர்ந்து தெரிந்தாலும் கோடுகளின் பெயின்ட் மேல் கால் வழுக்கும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, ஈரம் இருந்தால் ஃப்ரீ த்ரோவோடு அன்றைய பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள்.

கணுக்கால் பிசகினால்:

1. உடனே வெளியே எடுங்கள். ஷூவைக் கழற்றிப் பாருங்கள்.
2. துணியில் சுற்றிய ஐஸ், பதினைந்து நிமிடம். தைலம் போட்டு நீவவேண்டாம். முதல் இரண்டு நாள் நீவினால் வீக்கம் கூடும்.
3. நான்கு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்புமுனைகளின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.
4. திரும்பி வருவதற்கு முன், வலியின்றி ஒற்றைக் காலில் நின்று, குதித்து, பக்கவாட்டில் வெட்டி ஓடிக் காட்டட்டும். தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தலையில் அடிபட்டு மயங்கினவரோ குழம்பினவரோ அன்றைக்கு மறுபடி ஆடக்கூடாது. மருத்துவர் அனுமதியின்றி மறுநாளும் கூடாது. ஆடும்போது நெஞ்சுவலியோ, எதிலும் இடிபடாத நிலையில் திடீர் மயக்கமோ வந்தால் 108ஐ அழையுங்கள். மூச்சும் உணர்வும் இல்லையெனில் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். ஆட்டத்துக்கு முன் வலிமாத்திரை விழுங்கி இறங்குவதை அடியோடு தடுத்துவிடுங்கள். அது காயத்தை மறைக்கும், உடலில் நீர் வற்றிய வேளையில் சிறுநீரகத்துக்கும் ஊறு செய்யும்.

சரிவு வந்தே விட்டால்

இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றவுடன் இரவு பதினோரு மணிக்கு அணியைக் கூட்டிக் குற்றவாளியைத் தேடவேண்டாம். கீழ்க்கண்ட வரிசையில் செய்யுங்கள்.

1. மறுநாள் முழு ஓய்வு. பந்தைத் தொடவே கூடாது.

2. அன்று மாலை நோட்டை எடுத்து, பாரம் ஏறத் தொடங்கிய வாரம் எது, தூக்கம் குறைந்த வாரம் எது, பாஸில் விழுந்த கூடைகள் தேயத் தொடங்கிய ஆட்டம் எது என்று பாருங்கள். மூன்றும் ஒரே வாரத்தைச் சுட்டினால் களைப்பே மூலம். கடைசியது மட்டும் தனித்துச் சுட்டினால் மனக்கசப்பு.

3. மிக அதிகப் பாரம் சுமந்த இருவரை, அவர்கள் எவ்வளவு முக்கியமானவர்களாயினும், அடுத்த ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து தொடங்கச் செய்யுங்கள். இதை அவமானமாக அவர்கள் எடுத்துக்கொள்ளாதிருக்க 2024இல் நடந்ததைச் சொல்லலாம். அவ்வாண்டு ராயல் சாலஞ்சர்ஸ் முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றைத்தான் வென்றிருந்தது. கிளென் மாக்ஸ்வெல் உடலும் மனமும் சோர்ந்துவிட்டதென்று தாமே கேட்டு நடுவில் ஒதுங்கினார். பின்னர் அணி ஆட்களை மாற்றிப்போட்டுத் தொடர்ச்சியாக ஆறு ஆட்டங்களை வென்று அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது.

4. அதற்கடுத்த பயிற்சி நாற்பது நிமிடம். அதில் இருபது நிமிடம் டிஃபன்ஸில் பின்னோடி வருவது மட்டும்; களைத்த அணி முதலில் கைவிடுவது அதைத்தான், மீட்பதற்கு எளிதும் அதுவே.

5. தோற்ற ஆட்டத்தின் வீடியோவை எல்லோரையும் உட்காரவைத்து முழுவதும் ஓட்டவேண்டாம். நன்றாக நடந்த ஆறு காட்சிகளும் திருத்த வேண்டிய மூன்றும் தேர்ந்தெடுத்து, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அவரவர் பஸ்ஸும் மெட்ரோவும் போய்விடுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.